இலங்கை ஏன் இந்தியாவோடு சேரவில்லை? பந்தலூரிலிருந்து ஒரு விரிவான பதில்

பக்கத்து வீட்டுப் பையன் குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். போன வாரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டான்: "சார், இந்தியாவையும் வெள்ளைக்காரன்தான் ஆண்டான், இலங்கையையும் அவன்தான் ஆண்டான். நடுவுல இருக்கிறது முப்பது கிலோமீட்டர் கடல். ஐந்நூத்துச் சொச்சம் சமஸ்தானத்தைச் சேர்த்தவங்க இலங்கையை மட்டும் ஏன் விட்டாங்க?"

நல்ல கேள்வி. ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. முப்பது வருஷம் வரலாறு பாடம் நடத்தியவன் என்பதோடு, எங்கள் குடும்பமே இந்தக் கேள்விக்குள் சிக்கிச் சிதறிய குடும்பம். அதனால், எழுதியே தருகிறேன் தம்பி என்று சொல்லிவிட்டேன்.

முதலில் "விட்டாங்க" என்ற சொல்லைச் சரிசெய்வோம். படேல் சேர்த்த சமஸ்தானங்கள் எல்லாம் டெல்லியில் இருந்த வைஸ்ராயின் நிழலில் இருந்தவை. இலங்கை ஒருநாளும் வைஸ்ராய்க்குக் கீழே இருந்ததில்லை. லண்டனில் இந்தியாவுக்கு ஒரு அலுவலகம், அதற்கு ஒரு மந்திரி. இலங்கை, ஜமைக்கா, மொரீஷியஸ் மாதிரி இடங்களுக்குக் காலனி அலுவலகம் என்று வேறொரு அலுவலகம், வேறொரு மந்திரி. 1946-ல் இந்தியச் சுதந்திரம் பற்றிப் பேச லண்டன் அனுப்பிய கேபினட் தூதுக்குழு டெல்லிக்கு வந்தபோது இலங்கை அவர்கள் பையிலேயே இல்லை. 1947-ல் லண்டன் பாராளுமன்றம் இந்தியாவுக்கு ஒரு சுதந்திரச் சட்டமும் இலங்கைக்குத் தனியாக ஒரு சுதந்திரச் சட்டமும் போட்டது. 1948 பிப்ரவரி 4 அன்று இலங்கை சுதந்திரம் பெற்றது. படேல் மேசைக்கு வராத ஒரு கோப்பை அவர் எப்படி விட்டிருக்க முடியும்?

சரி, இரண்டு அலுவலகம் எப்படி வந்தது? இந்தக் கதையைத்தான் பாடப் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

இலங்கையின் கரையோரம் முதலில் போர்த்துக்கீசியரிடமும், 1658-லிருந்து ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரரிடமும் இருந்தது. 1795-ல் பிரெஞ்சுப் படை ஐரோப்பாவில் ஒல்லாந்தைப் பிடித்துக்கொண்டது. திருகோணமலைத் துறைமுகம் பிரெஞ்சுக்காரன் கைக்குப் போய்விடக் கூடாதே என்று பிரிட்டிஷார் பதறினார்கள். சென்னையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கிளம்பி திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று பிடித்துக்கொண்டே போய், 1796 பிப்ரவரியில் கொழும்பையும் பிடித்தது. பிடித்தது சென்னை, அதனால் ஆண்டதும் சென்னை. ஆக, இலங்கைக் கரையோரம் சென்னை மாகாணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காலம் உண்டு. வெறும் இரண்டே வருஷம்.

அந்த இரண்டு வருஷத்தைக் கெடுத்தது வரி. ராபர்ட் ஆண்ட்ரூஸ் என்ற சென்னை அதிகாரி பொறுப்புக்குப் போனார். கூடவே சென்னைப் பக்கத்து அமில்தார்கள் என்ற வரி வசூல் அதிகாரிகளும் போனார்கள். அந்தத் தீவில் வழிவழியாக இருந்த ஊர்த் தலைவர்களை ஓரங்கட்டிவிட்டு இவர்கள் வசூலில் இறங்கினார்கள். போதாததற்குத் தென்னை மரத்துக்கு மரம் வரி போட்டார்கள். தென்னையை நம்பிப் பிழைக்கிற ஊரில் மரத்தை எண்ணி வரி கேட்டால் என்ன நடக்கும்? 1797-ல் கலகம் வெடித்தது. லண்டன் விழித்துக்கொண்டது. 1798-ல் பிரெட்ரிக் நார்த் என்பவரை ஆளுநராக அனுப்பி, கம்பெனியும் அரசும் சேர்ந்து பார்க்கட்டும் என்றார்கள். 1802-ல் கம்பெனியை முழுக்க வெளியே அனுப்பி, மன்னரின் நேரடிக் காலனி ஆக்கினார்கள். கறுவாப்பட்டை வருமானமும் திருகோணமலையும் கம்பெனிக் கணக்கில் சேராமல் தங்கள் கையிலேயே இருக்கட்டும் என்ற ஆசையும் லண்டனுக்கு இருந்தது.

என் மாணவர்களிடம் சும்மா சொல்வேன்: அந்தத் தென்னை வரி மட்டும் போடாமல் இருந்திருந்தால், கொழும்பு கலெக்டருக்கும் கோயம்புத்தூர் கலெக்டருக்கும் ஒரே ஆபீசிலிருந்து தபால் போயிருக்கும். கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுப்பொய் இல்லை.

ஒரு காகிதம் எப்படி எல்லையாக மாறுகிறது என்பதற்கு நாங்கள் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. பந்தலூர், கூடலூர் இருக்கும் இந்தத் தென்கிழக்கு வயநாடு முழுக்க மலபார் மாவட்டத்தில் இருந்தது. நிலம் நிலம்பூர் கோவிலகம் என்ற ராஜ குடும்பத்தின் ஜென்மம், அதாவது பரம்பரைச் சொத்து. பேச்சு பெரும்பாலும் மலையாளம். 1877-ல் நிர்வாக வசதிக்காக இதை மலபாரிலிருந்து எடுத்து நீலகிரியோடு சேர்த்தார்கள். இரண்டுமே சென்னை மாகாணம்தான் என்பதால் யாருக்கும் அப்போது பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது. எண்பது வருஷம் கழித்து, 1956-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது மலபார் கேரளாவுக்குப் போனது, கூடலூர் இங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்கு நாடுகாணியிலும் பாட்டவயலிலும் தாளூரிலும் செக்போஸ்ட் நிற்கிறது. 1877-ல் கையெழுத்துப் போட்டவர் இதை நினைத்துப் போட்டிருப்பாரா? 1802-ம் அப்படித்தான்.

ஆனால் எல்லாவற்றையும் காகிதத்தின் தலையில் கட்டிவிட்டால் பதில் அரைகுறை. இரண்டு ஊர்களை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். பர்மா 1886-லிருந்து பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. அதே வைஸ்ராய், அதே அலுவலகம். இருந்தும் 1937-ல் பிரிந்து போனது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் ஊர், கோவா போர்த்துக்கீசியன் ஊர். லண்டனில் அவற்றுக்கு ஒரு தாள்கூடக் கிடையாது. இருந்தும் புதுச்சேரி 1954-லும் கோவா 1961-லும் இந்தியாவுக்குள் வந்தன. ஆக, யார் கையெழுத்தில் ஆண்டார்கள் என்பது பாதிக் காரணம். அங்கே இருந்த மக்கள் தங்களை யார் என்று நினைத்தார்கள் என்பது மீதி.

இலங்கையில் பெரும்பான்மையான சிங்களவர்கள் தங்களை இந்தியாவின் ஒரு மூலையாக நினைத்ததே இல்லை. இந்தியாவில் பௌத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் தங்கள் தீவில் அதை நிறுத்திவைத்தவர்கள் என்ற பெருமிதம் அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளாக உண்டு. வடக்கேயிருந்து வந்த படையெடுப்பு என்ற நினைவும் அதோடு சேர்ந்தே இருக்கிறது. ராஜராஜன் 993-ல் அனுராதபுரத்தைப் பிடித்ததை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அவர்கள் 1070-ல் விஜயபாகு சோழர்களை விரட்டியதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நடுவில் இருந்தது முக்கால் நூற்றாண்டுதான். ஆனால் இரண்டு கரையிலும் ஆயிரம் வருஷமாக அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறோம்.

இன்னும் சுவையான ஒரு உதாரணம் கண்டி. அங்கே கடைசியாக ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சம். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் பிறந்த பெயர் கண்ணுசாமி. 1815-ல் அவரைப் பிடித்து அடுத்த வருஷம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள். 1832-ல் இங்கேயே இறந்தார். வேலூர் போனால் பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தைப் பார்க்கலாம். "பாத்தீங்களா, நம்ம ஆளு" என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அங்கேதான் தவறு. அதே வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753-ல் சயாம் தேசத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து, நொடிந்து கிடந்த பௌத்த சங்கத்தை நிமிர்த்தியவன். மதுரையிலிருந்து போனாலும் அந்த மண்ணின் ராஜாவாக ஆனால்தான் அங்கே சிம்மாசனம். ரத்தமும் கல்யாணமும் வேறு, நாடு வேறு.

இதோடு 1931-ஐயும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் இலங்கையில் 21 வயது நிறைந்த ஆண் பெண் எல்லாருக்கும் ஓட்டு வந்தது. அப்போது இங்கே சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத்தான் ஓட்டு. எல்லாருக்கும் ஓட்டு என்பது இந்தியாவில் 1951-52 தேர்தலில்தான் நடந்தது. இருபது வருஷம் முன்னாலேயே தங்கள் ஆட்சியைத் தாங்களே பழகிக்கொண்ட ஒரு நாடு, இன்னொரு பெரிய நாட்டில் போய் ஒரு மாகாணமாக உட்காருமா? காந்தி 1927-ல் இலங்கை போனபோது கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் காங்கிரஸைப் பார்த்துக் கதர் கட்டினார்கள். அவர்களில் யாருக்கும் இந்தியாவோடு சேர வேண்டும் என்பது கோரிக்கையாக இருக்கவில்லை.

மாறாக, பயம் இருந்தது. 1940-களில் நேரு, இலங்கை ஒருநாள் இந்தியக் கூட்டாட்சியில் தன்னாட்சி உள்ள அங்கமாக வரக்கூடும் என்ற போக்கில் பேசியது கொழும்பில் நன்றாகவே காதில் விழுந்தது. இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க 1947-ல் பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டு, திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் அவர்களிடமே விட்டுவைத்தார். 1957 வரை இருந்தார்கள். சுதந்திரம் வாங்கும்போதே ஏன் வெள்ளைக்காரனை வாசலில் நிறுத்தினார் என்று கேட்டால், பெரிய மச்சான் வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன வீடு கட்டுகிறவன் சுவரைக் கொஞ்சம் உயர்த்தித்தான் கட்டுவான் என்பேன். தமிழ்நாட்டில் பாதிதான் அந்தத் தீவு: 65,610 சதுர கிலோமீட்டர்.

அந்தச் சுவர் எங்கள் மேல்தான் விழுந்தது.

காப்பித் தோட்டமும், பிறகு தேயிலைத் தோட்டமும் போட வெள்ளைக்காரன் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் பக்கமிருந்து ஆட்களைக் கங்காணி என்ற ஆள்பிடிக்கும் மேஸ்திரிகளை வைத்துக் கொண்டுபோனான். ஊரில் அதைக் "கண்டிக்குப் போறது" என்பார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா முசிறிப் பக்கமிருந்து போனவர். பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், எங்கள் அப்பா பிறந்தார், நானும் பிறந்தேன். 1931-ல் வந்த ஓட்டு எங்கள் ஆட்களில் பலருக்கும் கிடைத்தது. 1947 தேர்தலில் எங்கள் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடம் ஜெயித்தது. நுவரெலியாவில் ஜெயித்தவர் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான். மலைநாட்டுத் தொகுதிகளில் கூலிக்காரன் ஓட்டு ராஜாவைத் தீர்மானிக்கிறதே என்று பலர் கண்ணில் அது உறுத்தியது.

1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. நீ இலங்கையில் பிறந்தால் போதாது, உன் அப்பா இலங்கையில் பிறந்ததைக் காட்டு. இல்லையென்றால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அவருடைய அப்பாவும் அங்கே பிறந்ததைக் காட்டு என்றது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் எந்தத் துண்டுச் சீட்டு இருந்தது? அடுத்த வருஷம் இன்னொரு சட்டம்: கல்யாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் தொடர்ந்து குடியிருந்ததை நிரூபித்தால் பார்க்கலாம். நடுவில் ஒரு தடவை ஊர்த் திருவிழாவுக்கு முசிறி வந்துபோனவனுக்குத் "தொடர்ந்து" என்ற சொல் பெரிய வில்லங்கம். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் ஆனார்கள். ஓட்டும் போயிற்று. இங்கே முசிறியில் இருந்த எங்கள் பங்காளிகள் 1952-ல் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டுப் போட வரிசையில் நின்றபோது, அங்கே எங்கள் தாத்தாவுக்கு இருந்த ஓட்டு இல்லை. இரண்டு நாடும் எப்படி வேறு வேறு என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடில்லாமல் நின்றவர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏழு பேர் இந்தியாவுக்கு என்றால் நாலு பேர் இலங்கைக்கு. எங்கள் அப்பா ஏழில் விழுந்தார். அத்தை நாலில் விழுந்தார். ஒரே லயத்தில், ஒரே அடுப்பில் வளர்ந்த அண்ணன் தங்கை.

1974-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து ராமானுஜம் கப்பல், அப்புறம் மண்டபம் முகாம். அப்பா கையில், தாயகம் திரும்புகிறவர்களுக்குக் கொடுத்த ஒரு குடும்ப அட்டை. அது இன்னும் என் பீரோவில் இருக்கிறது. மடிப்பு மடிப்பாக விட்டுப்போய், பின்னால் துணி ஒட்டி வைத்திருக்கிறேன். எல்லாருடைய பெயரும் வயதும் வரிசையாக இருக்கும். என் பெயரில் ஒரு எழுத்துப் பிசகு. அந்த ஒரு எழுத்தைச் சரிசெய்ய நான் பிறகு ஏறி இறங்கிய அலுவலகப் படிகளை எண்ணினால் தொட்டபெட்டா வரை போகலாம். ஒரு இடத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டபோது, "நீங்க சிலோன்காரங்கதானே, அங்கயே வாங்கிட்டு வரலாமே" என்றார்கள். அங்கே இருந்தவரை எங்கள் பெயர் இந்தியத் தமிழர்.

நீலகிரிக்கு வந்த காரணம் டான்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம், கோத்தகிரி என்று வளர்ந்தது. கொழுந்து கிள்ளத் தெரிந்த கைகளை வேறெங்கே கொண்டுபோய் வைப்பது?

எங்கள் அப்பாயி சாகிறவரை பேசிய தமிழைக் கேட்டால் அந்த நாட்டின் சரித்திரமே தெரியும். ஆபீஸ் என்று சொல்லவே மாட்டார், "கந்தோர்" என்பார். அது டச்சுச் சொல். பிரெட்டுக்கு "பாண்", அது போர்த்துக்கீசியம். பணத்துக்கு "சல்லி". பைசாவுக்கு "சதம்". சதம் என்பதில் ஒரு சங்கதி உண்டு. இரண்டு நாட்டிலும் ரூபாய்தான். ஆனால் இலங்கையில் 1872-லேயே ரூபாய்க்கு நூறு சதம் என்று ஆக்கிவிட்டார்கள். இந்தியா 1957 வரை பதினாறு அணாவில் கணக்குப் பார்த்தது. காரணம் அதே பழைய கதை: இரண்டு அலுவலகம், இரண்டு முடிவு. சட்டத்திலும் அப்படியே. இந்தியாவில் ஆங்கிலேயச் சட்டத்தின் வழி. இலங்கையில் சொத்து, ஒப்பந்தம் என்று வந்தால் ரோமன்-டச்சு சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்கு 1707-ல் டச்சுக்காரர் தொகுக்க வைத்த தேசவழமை என்று தனியாக ஒரு சட்டம்.

தேர்வுக்குக் கேட்கிற வித்தியாசங்களையும் சொல்லிவிடுகிறேன். இந்தியா 1950-ல் குடியரசு, இலங்கை 1972-ல்தான். இங்கே ஜனாதிபதியை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள், அதிகாரம் பிரதமரிடம். அங்கே 1978 அரசியலமைப்பு, ஆட்சி அதிகாரத்தைத் தன் கையில் வைத்திருக்கிற நிறைவேற்று ஜனாதிபதியைக் கொண்டுவந்தது, மக்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். இங்கே மாநிலங்கள் சேர்ந்த ஒன்றியம், அங்கே ஒற்றையாட்சி. மாகாண சபைகள்கூட 1987-ல் இந்தியாவோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவை. அங்கே அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது, ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை.

இதில் நான் அடிக்கோடு போடுவது மொழியை. அதே 1956. இங்கே மொழிவாரியாக மாநிலம் பிரித்தார்கள். அங்கே சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டார்கள். பல மொழிக்காரன் சண்டை போட்டால் ஆளுக்கொரு அறை கொடுத்துச் சமாளிப்பது ஒரு வழி, ஒரே அறைதான் என்று சொல்வது ஒரு வழி. இந்தியாவிலும் 1965-ல் மொழிக்காகத் தமிழ்நாடு எரிந்தது, ஆனால் இந்தி பேசாத மாநிலங்களுக்காக ஆங்கிலத்தைத் தொடர்ந்து வைத்துக்கொண்டு இறங்கிவந்தார்கள். இலங்கையில் தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987 வரை ஆயிற்று. அதற்குள் நடந்தவை உனக்கே தெரியும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

தேயிலையிலும் இரண்டு நாடும் வேறு வேறு. அவர்கள் விளைவதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்கிறார்கள். நாம் விளைவதில் பெரும்பகுதியை நாமே குடித்துத் தீர்க்கிறோம். அங்கே இலையை உருட்டிச் செய்கிற ஆர்த்தோடாக்ஸ் தூள், இங்கே நீலகிரியில் பெரும்பாலும் இலையை நசுக்கிக் குருணையாக்குகிற, பாலுக்குத் தாங்குகிற சிடிசி தூள். அங்கே 1972-லும் 1975-லும் பெரிய தோட்டங்களை அரசே எடுத்துக்கொண்டது; தமிழ்நாட்டில் நில உச்சவரம்புச் சட்டத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

எங்கள் தாத்தா காலத்தில் சென்னை எழும்பூரில் கொழும்புக்கே டிக்கெட் வாங்கலாம். போட் மெயில் ரயிலில் ஏறி தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் தின்றது, அப்புறம் கொஞ்ச காலம் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது, இலங்கையில் உள்நாட்டுச் சண்டை தொடங்கியதும் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது அத்தையைப் பார்க்கப் போக நானும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பண்டாரவளை என்று எழுதினேன். கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "இது எந்த மாவட்டம் சார்?" என்று கேட்டார்.